ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்

2023 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை. நகரியிலிருந்து காலை முதல் பஸ். புத்தூர் தாண்டியதும் கண்ணை மூடினேன், ரேணிகுண்டாவில் கண்டக்டர் போட்ட சத்தத்தில் விழித்தேன். திருப்பதியில் இறங்கி மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வழக்கமான வேலைகள், வழக்கமான வரிசையில்: மருந்துக் குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் பார்த்துப் பலகையில் எழுதினேன். அன்று வரவேண்டிய குடும்பங்களுக்குப் போன் செய்து, காலை டைம் மருந்தைக் கொடுக்காமல் கையோடு கொண்டுவரச் சொன்னேன். ரத்தம் எடுக்கும் ட்யூப்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினேன். அதன் பிறகுதான் காபி.

டைம் மருந்து என்பது எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் வைத்த பெயர். உள்ளே பொருத்திய உறுப்பை உடம்பு எதிர்க்காதபடி தணித்து வைக்கிற மருந்து அது. காலையும் மாலையும் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், வாழ்நாள் முழுக்க. அதன் அளவு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், அன்றைய வேளை மருந்து உள்ளே போவதற்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் போன்.

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராகப் பல வருடம் இருந்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்திருக்கிறேன். என் நாற்காலிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். அறுவை சிகிச்சையைப் பற்றியோ மருந்தின் அளவைப் பற்றியோ எழுதப்போவதில்லை. அதெல்லாம் பயிற்சியிலேயே உங்களுக்குக் கிடைக்கும். அந்த ஒரு செவ்வாய்க்கிழமையை மட்டும் சொல்கிறேன்.

அன்று முதலில் வந்தது லாஸ்யாவின் குடும்பம். விஜயபுரம் மண்டலத்தில் ஒரு கிராமம். அப்பா முனிரத்தினம் அடுத்தவர் டிராக்டர் ஓட்டுகிறவர். அவருடைய அப்பா காலத்தில் கைப்பிடி நிலம் கிடையாது, இப்போது அரை ஏக்கரில் வேர்க்கடலை போடுகிறார்கள். அம்மா சுகுணா, புத்தூர் ரோட்டில் உள்ள மாங்கன்று நர்சரியில் கூலிக்குப் போகிறவள். லாஸ்யாவுக்கு மூன்று வயது. பித்தக்குழாய் சரியாக அமையாமல் பிறந்ததால் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. சுகுணாவின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துச் சென்னையில் குழந்தைக்குப் பொருத்தினார்கள். அது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அதற்குப் பிந்தைய கவனிப்பு எங்களிடம்.

முனிரத்தினம் வந்தாலே அறை கலகலவென்று ஆகிவிடும்.

"என்னா மேடம், நல்லா கீறீங்களா? எங்க வூட்ல ரெண்டு பேருக்கு ஒரே ஈரல். மூணாவது ஆளு நானு, பஸ்ஸுக்கு சீட்டு புடிக்க."

லாஸ்யா அழாமல் கையை நீட்டினாள். ரத்தம் எடுத்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியதும் அப்பாவின் கையைக் காட்டி, "நைனாவுக்கும் ஒட்டு" என்றாள். ஒட்டாமல் விடமாட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒட்டினோம். கன்னம் உப்பியிருந்தது, கண்ணில் மஞ்சள் இல்லை. இட்லி துன்னுட்டாளா என்று கேட்டேன், மூணு துன்னுட்டா என்றார் முனிரத்தினம். எங்கள் வார்டில் நர்ஸ் தெலுங்குக்காரப் பெண், கெட்டிக்காரி. அவள் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்:

"ரோஜூ டைம்கி இஸ்துன்னாரா அம்மா?" தினமும் நேரத்துக்குக் கொடுக்கிறீர்களா என்று.

"இஸ்துன்னாம் மேடம்" என்றாள் சுகுணா. கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று. மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள், திரும்பி வந்து காலை வேளை மருந்தைக் கொடுத்தாகிவிட்டது என்று நர்ஸிடம் சொன்னாள்.

மதியம் ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் டைம் மருந்து இருந்த அடையாளமே இல்லை. கல்லீரல் பரிசோதனையின் எண்கள் எல்லாம் மேலே ஏறியிருந்தன. குழந்தையோ வெயிட்டிங் ஹாலில் ஒரு காலி அட்டைப்பெட்டியை பஸ்ஸாக்கி, "ரேணிகுண்டா, ரேணிகுண்டா" என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உடம்பு மாற்று உறுப்பை எதிர்க்க ஆரம்பித்தால் முதலில் வெளியே ஒன்றும் தெரியாது. குழந்தை ஓடும், சிரிக்கும். தெரிகிற நாளில் காலம் கடந்திருக்கும். இரண்டாவது ஈரல் கொடுக்க அந்த வீட்டில் யாரும் இல்லை. முனிரத்தினத்தின் ரத்தப் பிரிவு சேரவில்லை. ஆகவே அன்று எங்கள் முன்னால் இருந்தது ஒரே ஈரல், அதைக் காப்பாற்றுவது ஒன்றுதான் வழி.

டாக்டர் சென்னைக்குப் போன் போட்டார். மருந்து ஒழுங்காகக் கொடுத்தும் ரத்தத்தில் நிற்கவில்லை என்றால் அது ஒரு வகைச் சிக்கல். குழந்தையை உடனே ஆம்புலன்ஸில் அனுப்பி, ஈரலில் ஊசியிட்டுச் சதை எடுத்துப் பார்த்து, மருந்தையே மாற்ற வேண்டியிருக்கும். மருந்து கொடுக்கப்படவே இல்லை என்றால் வேறு வழி. எதிர்ப்பை அடக்கும் ஊசியை இங்கேயே ஆரம்பித்து, நிறுத்திய மருந்தைத் திரும்பக் கொடுக்கலாம். ஒன்றை இன்னொன்று என்று நினைத்துச் செய்தால் ஆபத்து. சென்னையிலிருந்து கேட்டது ஒரே கேள்வி: குழந்தைக்கு மருந்து உண்மையிலேயே கொடுக்கப்படுகிறதா?

நர்ஸ் மறுபடி போய்க் கேட்டாள். "இஸ்துன்னாம் மேடம்." டாக்டர் தானே கேட்டார். "இஸ்துன்னாம் சார்." மூன்று தடவையும் அதே சொல், அதே குரல்.

அந்தக் குரல்தான் எனக்கு உறுத்தியது. நானும் அந்த எல்லையில் பிறந்து வளர்ந்தவள், தறி ஓடுகிற வீட்டில். எங்கள் ஜனங்களுக்கு இரண்டு மொழியும் நாக்கிலேயே இருக்கும், ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். ஆனால் ஆபீசுக்குச் சொல்கிற பதில் தெலுங்கில் வரும். ரேஷன் கடையில், மண்டல ஆபீசில், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால், கேட்கிறவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைச் சொல்லி வேலையை முடிக்கிற மொழி அது எங்களுக்கு. பொய் என்று அதற்குப் பெயர் கிடையாது. பதில் என்றுதான் பெயர். சுகுணா என்னிடம் வழக்கமாகத் தமிழில்தான் பேசுவாள். அன்று காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டாக்டரிடம் கொஞ்சம் நேரம் கேட்டேன். "சீக்கிரம்" என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது.

முனிரத்தினத்தை அனுப்ப நான் ஒரு காரணமும் ஜோடிக்கவில்லை. குழந்தையை எப்படியும் சேர்க்கத்தான் வேண்டும், அதற்குக் காப்பீட்டு மேஜையில் அவருடைய கைரேகை வேண்டும். அங்கே அன்று நீளமான வரிசை. லாஸ்யாவையும் தூக்கிக்கொண்டு போனார். என் அறையில் சுகுணாவை உட்காரவைத்தேன், மேஜைக்கு அந்தப் பக்கம் போகாமல் அவள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தேன்.

கொடுக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விக்கு ஆமாம்தான் வரும்.

"சுகுணா, சாயந்திரம் வேளைக்கு நானே குடுக்க வேண்டியதா ஆயிடும்போல இருக்கு. நீ எப்படிக் குடுப்பேன்னு எனக்குக் காட்டு. கொழந்த உன் கைக்குப் பழகியிருக்கும், எங்கிட்ட துப்பிடப் போறா."

பையைத் திறந்தாள். வைட்டமின் பாட்டில் வெளியே வந்தது, சத்துப் பொடி வந்தது, ஊசியில்லாத சிரிஞ்ச் வந்தது. கடைசியாக டைம் மருந்து. அது சர்க்கரைப்பாகு மாதிரி கெட்டியான திரவம். தினம் இரண்டு தடவை திறந்து மூடுகிற பாட்டிலின் வாய் பிசுபிசுவென்று இருக்கும். சுகுணா மூடியைத் திருகினாள். வரவில்லை. புடவைத் தலைப்பைச் சுற்றித் திருகினாள். வரவில்லை. உள்ளே காய்ந்துபோன பாகு மூடியைப் பாட்டிலோடு ஒட்டவைத்திருந்தது.

அவள் கை நின்றது. நான் பாட்டிலைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தேன். அவசரத்தில் செய்யவேண்டியவற்றில் இதுதான் கஷ்டம்: ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது சும்மா இருப்பது.

"மேடம்" என்றாள். பிறகு, "அக்கா."

"சொல்லு."

"வேத்தாளுன்னு சொன்னீங்களே எல்லாரும். புது ஈரல ஒடம்பு வேத்தாளுன்னு நெனச்சிக்கினு தொரத்தும், அதுக்குத்தான் மருந்துன்னு."

சொல்லியிருந்தோம். வார்டில் எல்லோரும் எல்லாக் குடும்பத்துக்கும் அப்படித்தான் விளக்குவது வழக்கம். தெலுங்கில் 'பராயி' என்போம், தமிழில் வேற்றாள் என்போம். கேட்டதும் புரிகிற சொல் என்று எங்களுக்கு அதில் திருப்தி.

"நர்சரியில சோத்து நேரம். பத்து பேரு உக்காந்து துன்னுக்கினு கீறோம். எங்க நாத்தனா, இவரோட அக்கா, அவுங்களும் அங்கதான் வேலை. 'பெத்தவ ஈரலையே கொழந்த ஒடம்பு வேத்தாளுன்னு தொரத்துதாம். அத அடக்கறதுக்கு தெனம் ரெண்டு வேளை மருந்தாம். எங்கனா கேட்டுக்கீறீங்களாடி?'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் அக்கா. அப்பறம் சொன்னாங்க பாரு, 'ஈரக்கொல நடுங்கிக்கினே குடுத்தா, அது எப்படி ஒட்டும்?'னு."

அந்தக் கடைசி வாக்கியத்தின் பின்னணி எனக்குத் தெரியும். ஈரல் கொடுக்க முதலில் கேட்டபோது சுகுணா உடனே சம்மதிக்கவில்லை. பயந்தாள். அறுப்பார்கள், செத்துப்போனால் குழந்தைக்கு யார் என்று அழுதாள். பிறகு தானாகவே வந்து கையெழுத்துப் போட்டாள். யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் வீடு அதை மறக்கவில்லை. பயத்தில் ஈரக்குலை நடுங்கியது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அவளுடைய நாத்தனார் அந்தப் பேச்சை அப்படியே எடுத்து, அறுத்துக் கொடுத்த ஈரலின்மேல் வைத்துவிட்டார்.

"மறுநாள் காலையில சிரிஞ்ச கையில எடுத்தேன். இதக் குடுத்தா, ஆமா, நான் வேத்தாளுதான்னு நானே ஒத்துக்கிற மாதிரி ஆவுதே அக்கா. எம் பொண்ணு, என் ஈரலு. குடுக்காம வெச்சுப் பாப்போம், ஒட்டாமப் பூடுமான்னு. ஒரு நாளு நல்லா இருந்தா. ரெண்டு நாளு நல்லா இருந்தா. அப்பறம் அப்படியே…"

"முனிரத்தினத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவரு காலையில வண்டிக்குப் போய்டுவாரு." என் கையைப் பிடித்தாள். "அவருகிட்ட சொல்லாதீங்க அக்கா. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

பலர் இந்த இடத்தில் சரி என்றுவிடுவார்கள். இரக்கத்தில் அந்தச் சொல் தானாக வரும். அதை விழுங்கப் பழக வேண்டும். நான் சொன்னது இதுதான்: "டாக்டருகிட்ட இப்பவே சொல்லணும். நீயும் கூட வா, உன் முன்னாடியே சொல்றேன். உன் வீட்டுக்காரருகிட்ட நான் சொல்லமாட்டேன். அது உன் வேலை. எப்போன்னு நீ முடிவு பண்ணு, ஆனா ஞாயித்துக்கெழம வரைக்கும் தள்ளிப்போடாத."

நிறுத்தி எத்தனை வேளை இருக்கும் என்பதை மட்டும் அவளோடு சேர்ந்து கணக்குப் போட்டேன். டாக்டருக்கு அது தேவை. எழுந்தோம்.

டாக்டர் வயதில் சின்னவர், காலையிலிருந்து சாப்பிடாதவர். நான் சொல்ல ஆரம்பித்ததும் அவர் முகம் சிவந்தது. கண்ணாடியைக் கழற்றினார். சுகுணா தலையைக் குனியாமல் நின்றாள். அதைப் பார்த்துத்தானோ என்னவோ, வந்த சொல்லை அவர் விழுங்கினார். "செப்பினாரு கதா, அதே சாலு" என்றார். சொன்னீர்களே, அது போதும் என்று. பிறகு சென்னைக்குப் போன் செய்தார், ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ஊசி மருந்தைத் தொடங்க உத்தரவு எழுதினார். திட்டியிருந்தால் அடுத்த முறை நாங்கள் கேட்கும்போது மறுபடியும் "இஸ்துன்னாம்"தான் வந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக அவர்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை.

மாலை. குழந்தையின் கையில் சொட்டுமருந்து ஏறிக்கொண்டிருந்தது. முனிரத்தினம் பால் வாங்கப் போயிருந்தார். என் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நான் உட்கார்ந்திருந்தேன். உண்மையை வாங்கிவிட்டோம், மருந்து ஆரம்பித்துவிட்டது, ஆனால் வேலை முடியவில்லை என்று தெரிந்தது. அவள் நெஞ்சில் அந்த வேற்றாள் அப்படியே உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குப் போவார்கள், நர்சரிக்குப் போவாள், சோற்று நேரம் வரும். அந்தச் சொல்லின் இடத்தில் வைக்க என்னிடம் வேறு சொல் இல்லை. எதிர்ப்பு, நிராகரிப்பு எல்லாவற்றையும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் இன்னும் மோசமாக இருந்தது.

ஆகவே, எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி அவளிடம் கேட்டேன். "நர்சரியில உனக்கு என்ன வேலை?"

"சீசன்ல ஒட்டு கட்டுவேன். நாட்டுக் கன்னு பையில வளந்திருக்கும். மேல வெட்டிட்டு, பெங்களூரா மாமரத்துக் கொப்ப சீவி சொருகி, நாடா சுத்தி கட்டணும். நாள் ஒண்ணுக்கு எத்தினியோ கட்டுவேன், கணக்கு வெச்சிக்க மாட்டேன்."

"கட்டிட்டா முடிஞ்சுதா?"

"எங்க முடியுது?" என்று லேசாகச் சிரித்தாள். அன்று முதல் சிரிப்பு. "அதுக்கப்பறந்தான் வேலையே. தண்ணி ஊத்தணும். வரிசையா போய்க்கினே இருந்து துளிரு கிள்ளணும்."

"துளிர எதுக்குக் கிள்றீங்க? துளிர் வந்தா நல்லதுதானே?"

"மேல வந்தா நல்லது. ஒட்டுக்குக் கீழ வரக்கூடாது. அது நாட்டுச் செடியோட துளிரு. உட்டா அது எழும்பிக்கும், மேல இருக்கிற ஒட்டு காஞ்சிப்பூடும்."

"அப்போ கீழ இருக்கிற செடி கெட்ட செடியா?"

"சேச்சே. வேரு நல்ல வேருக்கா. பலமான வேரு கீழ துளிரு உட்டுக்கினேதான் இருக்கும். தான் வளரணும்னு பாக்கும், அது அதோட கொணம்."

"மேல கட்டுன கொப்புல ஏதாவது குத்தமா?"

"கொப்புல என்னா குத்தம்? முத்துன மரத்துக் கொப்பு. எங்க மொதலாளி தோட்டத்துல ஒரு பெரிய மரம் கீது. அதோட கொட்டையவே மொளைக்க வெச்சி, அதோட கொப்பையே அது மேல கட்டி…"

நிறுத்தினாள்.

சொட்டுமருந்து இறங்கிக்கொண்டிருந்தது. லாஸ்யா தூக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டிய கையைத் திருப்பிப் போட்டாள்.

"அப்பவும் துளிரு வரும்" என்றாள் சுகுணா, மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "தாய் மரத்துக் கொட்டை. தாய் மரத்துக் கொப்பு. அப்பவும் கீழ துளிரு வரும். நாங்க கிள்ளுவோம். எங்க நாத்தனாவும்தான் கிள்ளுது." திடீரென்று என்னைப் பார்த்தாள். "எத்தினி நாளைக்கு கிள்ளணும்னு நெனைக்கறீங்க? மரமா ஆனாலும் கிள்ளணும். காய்க்கிற மரத்துலயே அடியில வரும்."

"அதைத்தான் டைம் மருந்து செய்யுது சுகுணா."

"தெரியுது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல? வேத்தாளு, பராயின்னு…"

"எனக்கு மாஞ்செடி தெரியாதும்மா. எங்க வீட்டுல தறி."

"அதுவும் சரிதான்."

முனிரத்தினம் பால் டம்ளரோடு வந்தார். எழுந்து வெளியே போகப் பார்த்தேன். சுகுணா கையசைத்து இருக்கச் சொன்னாள். ஒரே மூச்சில் அவரிடம் சொன்னாள், நடந்த வரிசையிலேயே, சோற்று நேரம், சிரிப்பு, சிரிஞ்ச், மூடி. அவர் முகத்தில் இருந்த கலகலப்பு ஒவ்வொன்றாக இறங்கியது. டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"சொன்னா உங்க அக்காகிட்ட போயி சண்ட போடுவ. அப்பறம், நான் மூட்டி உட்டேன்னு அதுக்கும் நான்தான் பேச்சு வாங்கணும்."

"கொழந்த பூட்டிருந்தா?"

சுகுணா குழந்தையின் காலில் விலகிய போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு அவர் போனை எடுத்தார். அக்காவின் பெயரைத் தேடுகிறார் என்று தெரிந்தது.

"வேணாம்" என்றாள் சுகுணா. "போன வையி. நான் நர்சரியிலயே சொல்லிக்கிறேன், சோத்து நேரத்துல, அதே பத்து பேரு முன்னாடி. 'அண்ணி, உங்க வரிசையில கீழ துளிரு வந்துக்கீதே, கொப்பு ஈரக்கொல நடுங்கிச்சா?'ன்னு கேக்கறேன். கேட்டுட்டு நான் பாட்டுக்கு துன்னுவேன்."

முனிரத்தினம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் போகவில்லை. ஆனால் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. "கேப்படி நீ" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டார்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு வருகிற குடும்பங்களுக்கெல்லாம் மாஞ்செடிக் கதையைச் சொல்லாதீர்கள். நானே ஒரு தடவை சொன்னேன், திருப்பதியில் பாங்கில் வேலை பார்க்கிற ஒரு அப்பாவிடம். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார், "செடி வளர்க்கணுமா மேடம், எங்களுக்கு பால்கனிதான் இருக்கு" என்றார். சொல் அந்தக் குடும்பத்தின் கையிலிருந்து வரவேண்டும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேளுங்கள், செய்கிற வேலையில் எதைத் தினமும் விடாமல் செய்தாக வேண்டும் என்று கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். வேற்றாள் என்ற சொல்லை மட்டும் நீங்கள் சொல்லக்கூடாது. உறவு என்பதையே வைத்து வாழ்கிற ஜனங்களிடம், பெற்றவளின் உடம்பை அப்படிக் கூப்பிட்டால் அது மருத்துவ விளக்கமாக நிற்காது. வீட்டுக்குள் போய் வேறொன்றாக ஆகிவிடும்.

லாஸ்யா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அதே ஈரல்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மறுநாள் காலையில் எங்களில் யாருக்கும் அது தெரியாது. ஊசி வேலை செய்ததா என்று தெரிய இன்னும் சில நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆகஸ்ட் 9, புதன்கிழமை. குளிர்பெட்டியைப் பார்ப்பதற்கு முன்பே வார்டுக்குப் போனேன். பல வருடத்தில் வரிசை மாறிய ஒரே நாள் அது. நர்ஸ் ரத்தம் எடுத்து முடித்திருந்தாள். அப்பா, மகள் இருவர் கையிலும் புதுப் பிளாஸ்திரி. சுகுணா புதுப் பாட்டிலின் மூடியைத் திறந்து, சிரிஞ்சில் அளந்து, வெளிச்சத்தில் தூக்கிக் கோட்டைச் சரிபார்த்தாள். நர்ஸ் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சுகுணா சிரிஞ்சை முனிரத்தினத்தின் பக்கம் நீட்டினாள்.

"காலையில நீ. வண்டிக்கு போறதுக்கு முன்னாடி. சாயந்திரம் நான்."

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. சிரிஞ்சை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் முனிரத்தினம் இப்படியும் அப்படியும் திருப்பினார். "இத… எப்படி?"

லாஸ்யாவுக்குப் பொறுமை இல்லை. அம்மா விடிந்ததிலிருந்து அவளிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தாளோ, கட்டிலில் மண்டியிட்டு எழுந்து, வாயை அகலமாகத் திறந்தாள்.

"கிள்ளு நைனா."